தலைவர் வீட்டு ஜன்னல்

ஸ்மில்டேயில் குளிர்காலத்தைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் கிளியோபாஸ் ப்ருஜாஸ் கையில் இருந்தது. லிதுவேனியாவின் மேற்கு விளிம்பில், பால்டிக் கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்தான். இருந்தாலும் அதிகாரம் அதிகாரம்தானே. ஊரின் கிழக்குக் கோடியில் கொதிகலன் கூடம், அதன் தலைவர் கிளியோபாஸ். அங்கே கொதிக்கும் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே கடற்கரை வரை ஓடும். வழியில் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஏறி, ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்புப் பட்டைகளுக்குள் புகுந்து, வீட்டைச் சூடாக்கிவிட்டு ஆறிப்போய்த் திரும்பும். கூட்டவோ குறைக்கவோ வீட்டில் ஒரு திருகுகூடக் கிடையாது. சூடு வேண்டுமென்றால் கிளியோபாஸ் தர வேண்டும்.

சும்மா தந்துவிடுவாரா? விதி இருக்கிறதே! தொடர்ந்து மூன்று நாள் சராசரி வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் திறக்கலாம். மூன்றாம் நாள் மத்தியானம் சூரியன் கொஞ்சம் பல்லைக் காட்டிவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கொதிகலன் கூடத்தின் வடக்குச் சுவரில் தொங்கிய வெப்பமானியை அக்டோபர் மாதம் முழுக்க கிளியோபாஸ் தினமும் போய்ப் பார்ப்பார். கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் கிளியோபாஸின் முகத்தைப் பார்க்கும்.

"தலைவரே, எப்போ விடுவீங்க?"

"பார்க்கலாம்."

"வீட்டுல குழந்தைக்கு மூக்கு ஒழுகுது தலைவரே."

"எங்க வீட்டுலயும் பொண்டாட்டி இருக்கா. அவளுக்காக நான் திறந்தேனா? விதின்னா விதிதான்!"

இதைச் சொல்லிவிட்டு, அவர்கள் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த புகைபோட்ட மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார். அது லஞ்சம் இல்லையாம், அன்பாம். அன்புக்கு விதியில் தடை இல்லை.

திறக்கும் நாள் வந்தால் ஊருக்கே திருவிழா. குழாய்களுக்குள் கடமுடவென்று சத்தம் கேட்கும், இரும்புப் பட்டை பெருமூச்சு விடும், கிழவிகள் அதன் மேல் கையை வைத்துப் பார்த்து "வந்துட்டுதடி!" என்று பக்கத்து வீட்டுக்குக் கத்துவார்கள். கிளியோபாஸ் தன் லொடலொட வண்டியில் தெருத்தெருவாகச் சுற்றி வருவார். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் இன்னொரு ஊர்வலம். வெளியே பனி கொட்டிக் கிடக்கும். கூடத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புகளிலோ ஜன்னல்கள் அகலத் திறந்து கிடக்கும். உள்ளே அவ்வளவு புழுக்கம்! மனுஷர்கள் பனியனோடு நின்று தெருவை வேடிக்கை பார்ப்பார்கள். கிளியோபாஸ் வண்டியை நிறுத்தி, திறந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து நெஞ்சு நிறைந்து போவார். "பார்த்தியா யூர்கிஸ்? ஜன்னல் திறந்திருந்தா அது எனக்குச் செய்யுற மரியாதை. ஜனங்க திருப்தியா இருக்காங்கன்னு அர்த்தம்," என்று கூடத்தில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் யூர்கிஸிடம் சொல்வார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து இலக்கு வரும். எவ்வளவு அதிகமாக எரித்தாரோ அவ்வளவு கைதட்டல். எரித்த சூடு எங்கே போனது என்று கேட்க அப்போது யாருக்கும் உத்தரவு இல்லை.

அது வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பழைய குழாய் போகும் வழியில் மண்ணே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வரியில் பனி ஒட்டாது. ஊர்ப் பூனைகள் எல்லாம் அதன் மேல்தான் குளிர்காலம் கழித்தன. பள்ளத் தெருக் கிழவிகள் அதில் வெங்காயத்தாள் பயிரிட்டார்கள். நாங்கள் அந்தப் பாதைக்குத் தலைவர் வீதி என்று பெயர் வைத்திருந்தோம். செருப்பில்லாமல்கூட நடக்கலாம், வழுக்காது. கிளியோபாஸ் அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போவார், வருவார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் எங்களை மறந்தது. முன்பெல்லாம் ஆற்றுமுகத்தில் உறைபனி மேல் பெட்டி போட்டு உட்கார்ந்து, துளை வழியாக ஸ்தின்தா மீன் பிடிப்போம். வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும் மீன். இப்போது மீன் திருவிழா மழையில் நடக்கிறது, மீன் லாரியில் எங்கிருந்தோ வருகிறது, வாசம் மட்டும் எங்களுடையது என்று மேடையில் பேசுகிறார்கள். அக்டோபரில் சுற்றுலாக்காரர்கள் கடலில் இறங்குகிறார்கள், ஐஸ்கிரீம் விற்கிறவன் கடையை மூட மாட்டேன் என்கிறான். வெப்பமானி இரண்டு நாள் இறங்கும். மூன்றாம் நாள் வெயில்! கிளியோபாஸ் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

ஒரு தடவை தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் மண்டியிட்டிருந்தவரைப் பாதிரியார் விசாரித்தார்.

"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா ப்ருஜாஸ்?"

"இல்லீங்க ஃபாதர். கொஞ்சம் பனி கேட்டேன்."

"ஊரே வெயில் கேட்குது, நீங்க ஒருத்தர் பனி கேட்கிறீங்க. ஆண்டவர் என்ன செய்வார், பாவம்!"

வானம் கைவிட்டது ஒருபுறம் என்றால், சுவர்களும் கைவிட்டன. பல குடியிருப்புகளுக்கு வெளியே ஒரு சாண் தடிமனுக்குப் பஞ்சுச் சட்டை போட்டுவிட்டார்கள். உள்ளே போன சூடு வெளியே வர மறுத்தது. அப்புறம் பெட்டிகள் வந்தன. சுவருக்கு வெளியே மாட்டிவைத்தால் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்புமாம்.

"குளிர்காத்துல இருந்து சூடு எடுக்குதா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றார் கிளியோபாஸ்.

ஆனால் பெட்டி மாட்டிய குடியிருப்புகள் ஒவ்வொன்றாகக் குழாயை அறுத்துக்கொண்டு போயின. ஐந்து கொதிகலன்கள் உறுமிய கூடத்தில் ஒன்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது. புகைபோட்ட மீன் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. "தலைவரே, எப்போ விடுவீங்க?" என்று கேட்க நாதியில்லை. கடைத்தெருவில் அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் எண்ணெய்க் கடைக்காரனும் நாயும்தான். அதிலும் நாய் எல்லோருக்கும் சொல்லும்.

இந்தக் கதையில் இன்னொருத்தி இருக்கிறாள். மோர்த்தா, அவர் மனைவி. மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தவள். அவர்கள் குடியிருந்த வீடு ஆலை அவளுக்குக் கொடுத்தது. பத்திரம் அவள் பெயரில். ஒன்பதாம் குடியிருப்பு, ஐந்தாம் மாடி, கடல் பக்கத்து மூலை வீடு. குழாய் வழியில் அதுதான் கடைசி வீடு. ஊரையெல்லாம் சூடாக்கிவிட்டு, களைத்து, வெதுவெதுப்பாக மட்டும் அங்கே வந்து சேரும் தண்ணீர். கடல் காற்று இரண்டு சுவர்களில் மோதும். சுருக்கமாகச் சொன்னால், ஊரிலேயே குளிரான வீடு எதுவென்றால் ஊருக்குச் சூடு கொடுக்கிற தலைவர் வீடுதான்.

தலைவருக்கு அது தெரியவே தெரியாது. அவர்தான் குளிர்காலம் பூராவும், ஞாயிற்றுக்கிழமை உள்பட, கூடத்தில் பனியனோடு வேர்த்துக்கொண்டிருந்தாரே. வீட்டுக்கு வரும்போதே உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நுழைவார். "உஸ்ஸ், என்ன புழுக்கம்!" சூடான சூப்பைக் குடித்துவிட்டு இறகு மெத்தைக்குள் விழுந்தால் காலையில்தான் எழுந்திருப்பார்.

"குளிருது கிளியோபாஸ்," என்பாள் மோர்த்தா.

"கடற்கரையில பொறந்தவளுக்குக் குளிர் என்னடி? உனக்கு ரத்தம் சுண்டிப்போச்சு. இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தரேன்."

வாங்கியும் தந்தார். வருஷக்கணக்காக அவள் மாத்திரை சாப்பிட்டாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் குளிர்காய ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கி வந்தாள். கிளியோபாஸ் அதைத் திருட்டுச் சாமான் மாதிரி துணியில் சுற்றிக் கீழ்த்தளத்துக் கிடங்கில் கொண்டுபோய்ப் பூட்டினார். "தலைவர் வீட்டுல கரண்டு அடுப்பா! வெளியில தெரிஞ்சா ஊர் என்ன பேசும்? என் மானம் போகணுமா?" மோர்த்தா ஆட்டுத்தோல் மேல்சட்டை ஒன்று தைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ருகிலே என்றொரு பெண் கொதிகலன் கூடத்துக்கு வந்தாள். தலைநகரத்திலிருந்து நகராட்சி அனுப்பிய புதிய மேலாளர். சின்ன வயசு, மரியாதையான பேச்சு, அதுதான் கிளியோபாஸுக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். இவள் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ப்ருஜாஸ் ஐயா, மறைக்காம சொல்றேன். இப்ப நம்மகிட்ட பெரிய குடியிருப்புன்னா அது உங்க ஒன்பதாம் குடியிருப்பு ஒண்ணுதான். அவங்களும் பெட்டி மாட்டலாமான்னு வாக்கெடுப்பு வைக்கிறாங்க. அவங்க போயிட்டா கூடத்தை மூட வேண்டியதுதான். மிச்சம் இருக்கிற வீடுகளுக்கும் பெட்டி குடுத்திடுவோம்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு முழு ஓய்வூதியம் வரும் ஐயா."

"நான் அதைக் கேட்கலம்மா," என்றார் கிளியோபாஸ். வேறு எதைக் கேட்டார் என்று அவருக்கே சொல்ல வரவில்லை. கூடத்துக்கு வெளியே அவர் யார்?

ஒன்பதாம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வாக்கு. படிக்கட்டில் கூடி நின்று கை தூக்க வேண்டும், அதுதான் வழக்கம். யார் யார் எந்தப் பக்கம் என்பது முன்பே தெரிந்துபோனது. நடுவீட்டுக்காரர்களுக்குச் சுற்றிலும் அண்டைவீட்டுச் சூடு, அவர்கள் எதற்குச் செலவு என்றார்கள். மூலை வீட்டுக்காரர்கள் பெட்டி வேண்டும் என்றார்கள். குடியிருப்பின் பொறுப்பாளர் ப்ரோன்யுஸ் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார். "தலைவரே, ஒரு கை முன்னப்பின்ன இருக்கு. உங்க வீட்டுக் கை விழுற பக்கம்தான்."

உங்கள் வீட்டுக் கை என்றால் பத்திரத்தில் பெயர் உள்ளவள் கை.

மறுநாள் காலை மோர்த்தா கண் விழித்தபோது கட்டிலருகே காப்பியோடு புருஷன் நின்றுகொண்டிருந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. உனக்குக் காப்பி போடக் கூடாதா நான்?"

"போடலாம். கல்யாணம் ஆனதுலேருந்து போட்டதில்லையே, அதான் கேட்டேன்."

அன்று தட்டு கழுவினார். அடுத்த நாள் குப்பை கொட்டினார். அதற்கடுத்த நாள், கேட்டால் நம்ப மாட்டீர்கள், அவள் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்ற இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர்த்தா சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"போதும் கிளியோபாஸ், கை வலிக்கும். நான் கையைத் தூக்க மாட்டேன், சரியா? நம்ம வீடு பழையபடியே குழாயில இருக்கட்டும்."

"நிஜமாவா?"

"அந்தக் கூடம் இல்லாட்டா நீ ஒரு மாசம் தாங்க மாட்டே. எனக்குத் தெரியாதா?"

கிளியோபாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றோடு தட்டு கழுவுவதையும் நிறுத்திவிட்டார்.

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆண்டவர் மெழுகுவர்த்திக் கணக்கைப் பார்த்தார் போலிருக்கிறது. வந்ததய்யா குளிர்! கடலோரம் வெள்ளைத் தோல் போர்த்தது. படகுகள் உறைந்து நின்றன. காது அறுந்துவிடும் போலக் காற்று. சில பெட்டிகள் பனிப் படலத்தில் மூச்சுத் திணறின, அதைக் கேட்டுக் கிளியோபாஸுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. மூலையில் தூங்கிய கிழட்டுக் கொதிகலனையும் எழுப்பிப் பற்றவைத்தார். கடைத்தெருவில் திரும்பவும் வணக்கங்கள். "தலைவரே, நீங்க இல்லாட்டா செத்தோம்!" என்று எண்ணெய்க் கடைக்காரன் சொன்னதற்கு ஊர் முழுவதும் சாட்சி வைத்தார். கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக்கொண்டு, தலைவர் வீதியில் நடந்தார்.

அங்கேதான் கெட்டது. போன கோடையில் ருகிலே அந்தப் பாதையின் பழைய குழாயைத் தோண்டி எடுத்து, சொட்டுச் சூடும் கசியாத புதுக் குழாய் போட்டிருந்தாள். அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மண் ஆறிவிட்டது. பூனைகள் அன்றே காலி செய்துவிட்டுப் போய்விட்டன, பூனைக்கு இருக்கும் புத்தி மனுஷனுக்கு எங்கே? இத்தனை வருஷம் கீழே பார்க்காமலே நடந்த பாதையில் கீழே பார்க்காமலே நடந்தார். கண்ணாடியாக உறைந்த பனி. இரண்டு காலும் வானத்துக்குப் போயின, தலைவர் தரைக்கு வந்தார்.

கணுக்கால் பூசணியாக வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, கால் ஊன்றக் கூடாது, வீட்டிலேயே கிட என்றார் டாக்டர். அப்படித்தான், தன் பணிக்காலத்தில் முதன்முதலாக, ஒரு ஜனவரி மாதப் பகல் பொழுதில் கிளியோபாஸ் தன் வீட்டில் இருந்தார்.

காலையில் ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிவாக்கில் மூக்கு நுனி குளிர்ந்தது. பதினோரு மணிக்குக் கைவிரல்களைத் தேய்த்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் இறகுப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு பல்லைக் கிட்டித்துக்கொண்டு கிடந்தார்.

"மோர்த்தா! எந்த ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கே?"

"இந்த வீட்டுல என்னைக்கு ஜன்னல் திறந்திருக்கு?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு போனார். வழியில் ஜன்னலுக்குக் கீழே இருந்த இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். நேற்றுப் போட்ட தேநீர் அதைவிடச் சூடாக இருக்கும். சமையலறையில் அடுப்பின் சூளைக் கதவு திறந்து கிடந்தது. அதன் முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஆட்டுத்தோல் சட்டையும் தலைத்துணியுமாக மோர்த்தா, காலில் கம்பளிக் காலுறைக்கு மேல் கம்பளிக் காலுறை. இன்னொன்றில் பூனை.

"என்ன சுடுறே?" என்றார் கிளியோபாஸ்.

"ஒண்ணும் சுடல."

"பின்ன எதுக்கு சூளை எரியுது?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பூனையைத் தள்ளிவிட்டு நாற்காலியைக் காட்டினாள். "உட்காரு. சாயங்காலம் இன்னும் மோசமா இருக்கும்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஆட்டுத்தோல் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், பல் தந்தியடித்ததில் வார்த்தை வரவில்லை.

"தினமும் இப்படியா?"

"அக்டோபர்லேருந்து ஏப்ரல் வரைக்கும். மே மாசம் கொஞ்சம் பரவாயில்ல."

"ஏன் சொல்லல?"

மோர்த்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த அலமாரியத் திற," என்றாள். திறந்தார். காலி மாத்திரைப் புட்டிகள், வரிசை வரிசையாக, ஊறுகாய் போட உதவும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

கிளியோபாஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் மேல் கோபப்படத் தெரியாத மனுஷன், கூடத்துக்குப் போன் போட்டார்.

"டேய் யூர்கிஸ்! தூங்குறியா? நெருப்பை ஏத்துடா!"

"உச்சத்துல இருக்கு தலைவரே, இதுக்கு மேல ஏத்தினா வெடிச்சுடும். முதல் குடியிருப்புல எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கு, வந்து பாருங்க. உங்களுக்கு மனசு குளிர்ந்துடும்!"

"எல்லாம் ஏற்கெனவே குளிர்ந்துதான் கிடக்கு. வண்டியை எடுத்துட்டு வா."

டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? யூர்கிஸ் அவரைத் தூக்கி வண்டியில் வைத்தான். வண்டி கடற்கரையிலிருந்து கூடத்தை நோக்கிப் போயிற்று. கிளியோபாஸ் வாழ்நாளெல்லாம் எதிர்த்திசையிலிருந்தே பார்த்த ஊர்வலம். முதலில் இறுக மூடிய ஜன்னல்கள், இடுக்கில் துணி திணித்தவை. பிறகு மூடியவை. பிறகு லேசாகத் திறந்தவை. கூடத்துக்குப் பக்கத்தில் முதல் குடியிருப்பு, அங்கே கதவெல்லாம் விரியத் திறந்து, திரைச்சீலைகள் வெளியே பறந்துகொண்டிருந்தன. இரண்டாம் மாடியில் ஸ்தேஃபானியா கையில்லாத பூப்போட்ட கவுனோடு சாய்ந்து நின்று, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலை மூடு ஸ்தேஃபானியா!" என்று கத்தினார் கிளியோபாஸ்.

"ஐயோ தலைவரே, காலு எப்படி இருக்கு?"

"காலு கிடக்கட்டும். மூடு! கடலையா சூடு பண்றே?"

"மூடினா வெந்து செத்துடுவேன். அதுவும் போக, திறந்திருந்தாத்தான் உங்களுக்கு மரியாதைன்னு நீங்கதானே சொல்லுவீங்க? உங்களுக்காகவே நான் சமையல்கட்டு ஜன்னலையும் திறந்து வெச்சிருக்கேன்!"

மேல்மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. "வணக்கம் தலைவரே!" என்று ஒருத்தன் பனியனோடு கை ஆட்டினான். மரியாதை என்று நினைத்து இன்னும் இரண்டு வீட்டார் ஜன்னலைத் திறந்தார்கள். கிளியோபாஸ் கத்தினார், கெஞ்சினார், கைத்தடியை ஆட்டினார். விழுந்ததில் தலையிலும் அடி பட்டிருக்கும், பாவம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் மூடிய ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தார். யூர்கிஸ் பயந்து ரேடியோவைக்கூட அணைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் குடியிருப்பின் படிக்கட்டில் கூட்டம். மேல்படியில் ப்ரோன்யுஸ், அவர் பக்கத்தில் ருகிலே, கீழே படிக்குப் படி வீட்டுக்காரர்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. கைத்தடியோடு கிளியோபாஸ், பக்கத்தில் மோர்த்தா. அவளுடைய இரண்டு கையும் எதிரெதிர் சட்டைக்கைக்குள் நுழைந்திருந்தன. அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள். அடக்கமான பெண்பிள்ளை என்று அவர் இத்தனை வருஷமும் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி மாட்டலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க," என்றார் ப்ரோன்யுஸ்.

கைகள் எழுந்தன. ப்ரோன்யுஸ் எண்ணினார், திரும்ப எண்ணினார், கிளியோபாஸைப் பார்த்துப் புன்னகை செய்தார். "சரிபாதி. சமம்னா பழைய நிலையே தொடரும். நம்ம தலைவர் தலைவராவே இருக்கார்!" நடுவீட்டுக்காரர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

"இருங்க," என்றார் கிளியோபாஸ். மனைவி பக்கம் திரும்பினார். "மோர்த்தா, கையத் தூக்கு."

"என்ன சொல்றே நீ? உன் கூடம்..."

"கூடம் கிடக்கட்டும். தூக்குடி."

"வாக்குக் குடுத்தேனே உனக்கு."

"அதைத் திருப்பிக் குடுத்துட்டேன். தூக்கு!"

அவள் அசையவில்லை. கிளியோபாஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் வலது கையைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். ஸ்தின்தா மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்தது போல ஜில்லென்று இருந்தது. மேலே தூக்கினார். சட்டைக்கைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தன: ஆட்டுத்தோலுக்கு அடியில் கம்பளி, அதற்கடியில் இன்னொரு கம்பளி, அதற்கும் அடியில் அவருடைய பழைய சீருடைச் சட்டை. முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ப்ரோன்யுஸ் தொண்டையைச் செருமினார். "தலைவரே, மன்னிக்கணும். விதின்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரங்க தாங்களாவே தூக்கணும். நீங்க தூக்கினா செல்லாது."

ஒரு மீனுக்காகக்கூட விதியை வளைக்காத மனுஷன் அல்லவா? கிளியோபாஸ் தலையாட்டினார். கையை விட்டுவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

மோர்த்தாவின் கை கீழே வரவில்லை.

வசந்தத்தில் கூடத்தை மூடினார்கள். பேண்டு வாத்தியம் இல்லை, பேச்சு இல்லை. யூர்கிஸ் மீன்சந்தையில் வேலைக்குப் போய்விட்டான். ருகிலே வெப்பமானியைக் கழற்றிக் கொண்டுவந்து கிளியோபாஸுக்குப் பரிசாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஊரில் சிலர் அவரைப் பொண்டாட்டிதாசன் என்றார்கள். பெட்டி மாட்ட வந்தவர்களிடம் ஒவ்வொரு திருகுக்கும் சண்டை போட்டார். அது உறுமாமல் ரீங்காரம் போடுவதே அவருக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு சத்தமா? கொசு!" என்று அதன் முன்னால் உட்கார்ந்து திட்டுவார். ஆனால் தினமும் அதன் மேல் விழும் இலையைத் துடைத்துவிடுகிறவரும் அவர்தான்.

அடுத்த ஜனவரி வழக்கம்போல ஈரமாக, சப்பென்று வந்தது. கிளியோபாஸ் பனியனோடு சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். சூளைக் கதவு மூடியிருந்தது, ஆட்டுத்தோல் சட்டை பூனைக்குப் படுக்கையாகிவிட்டது. மெல்லிய பருத்திக் கவுனில் மோர்த்தா ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தியை வைத்துவிட்டு, புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

"உஸ்ஸ், என்ன புழுக்கம்!"

போய் ஜன்னல் கொண்டியை இழுத்தாள். எத்தனையோ குளிர்காலத்து வண்ணப்பூச்சில் ஒட்டிப்போன கொண்டி, முக்கி இழுத்ததும் திறந்துகொண்டது. கடல் காற்று உள்ளே வந்தது. அவள் அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்துக் குறும்பாகக் கேட்டாள்.

"கடலைச் சூடு பண்ணாதேன்னு ஊரெல்லாம் கத்தினியே, மூடட்டுமா?"

கிளியோபாஸ் திறந்த ஜன்னலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்," என்றார்.